வேப்பலோடையில் ஒரு வெற்று வட்டம்

பிப்ரவரி 4

இதெல்லாம் நடக்கும் என்று முதலிலேயே சொன்னவன் நான். பெனிட்டா பூச்சி தேடிக்கொண்டு நம் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பாள் என்று போன கிறிஸ்துமஸுக்கே சொல்லிவிட்டேன். சாயங்காலம் தங்கபுஷ்பத்திடம், "சொன்னேனா இல்லையா?" என்று கேட்டேன்.

"கேக்கு கருகிட்டுன்னு சொன்னிய. வேற ஒண்ணும் சொன்னதா ஞாபகம் இல்ல" என்கிறாள். இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியும் இவளுக்கு என் அருமை தெரியவில்லை. அதனால்தான் இனி எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவிடுவது என்று, உப்பு வியாபாரி ஒருவர் புதுவருஷத்துக்குக் கொடுத்த இந்த டைரியை எடுத்துவிட்டேன். நாளைக்கு யாரும் மறுக்க முடியாது.

பெனிட்டா என் தங்கை ரூபாவதியின் ஒரே மகள். ரூபா கண்ணை மூடும்போது இவளுக்கு நாலு வயது. பிறகு நாகர்கோவிலில் அப்பாவோடும் சித்தியோடும் வளர்ந்தாள். லீவுக்கு மட்டும் தூத்துக்குடிக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள், வந்ததும் என்னிடம் "அம்மாவப் பத்திச் சொல்லுங்க" என்பாள். நானும் சொல்லுவேன். இப்போது பூச்சி ஆராய்ச்சியில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள்.

செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். சீரகத்தைவிடக் கொஞ்சம் நீளம்தான் இருக்குமாம். கறுப்பு. வண்டு இனம், ஆனால் மேல்சட்டையை ஆண்டவன் பாதியில் தைத்து நிறுத்தியிருக்கிறார். சிறகு உறை குட்டையாக, வயிறு முழுக்க வெளியே தெரிகிறது.

"இதுக்குக் குட்டைச்சிறகு வண்டுன்னு சொல்லுவோம் மாமா. உப்பு மண்ணுல பொந்து தோண்டி இருக்கும். நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு வெள்ளைக்காரர் இங்க ரெண்டு பிடிச்சிருக்காரு. ரெண்டும் பொண்ணு. பொண்ண மட்டும் வச்சு இது எந்த இனம்னு சொல்ல முடியாது. ஆண் பூச்சி வேணும். அது இந்தக் கடற்கரையில எங்கெங்க இருக்குன்னும் தெரியணும். இது கிடைச்சாத்தான் என் படிப்பு முடியும். நீங்க பாத்திருக்கியளா?"

யாரிடம் கேட்கிறாள்! வேப்பலோடை உப்பளத்தில் பதினெட்டு வருஷம் மேனேஜராக இருந்தவன் நான்.

"கங்காணி" என்றாள் தங்கபுஷ்பம், அடுப்படியிலிருந்து.

கண்ணைக் கட்டிவிட்டால்கூடப் பிடித்துத் தருவேன் என்று பெனிட்டாவிடம் சொன்னேன்.

பிப்ரவரி 6

விடிந்ததும் போய் ஜாம் பாட்டில் நிறையப் பிடித்து வந்துவிட்டேன். பெனிட்டா ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தாள்.

"மாமா, இது எறும்பு."

"பெரிய எறும்பு மாதிரி இருக்கும்னு நீதானடி சொன்ன?"

"இதுக்கு வால்ல கவட்டை இருக்கு பாருங்க, இது வண்டே இல்ல. இது வேற. இது கரப்பான் குஞ்சு. இது பூச்சியே இல்ல மாமா, புகையிலத் துண்டு."

வகைப்பாடு என்றால் என்ன என்று பிறகு விளக்கினாள். எனக்கு உடனே பிடிபட்டது. வண்டு என்பது ஊர். குட்டைச்சிறகு என்பது தெரு. பிளீடியஸ் என்கிற பேரினம்தான் வீடு. அந்த வீட்டுக்குள் எந்தப் பிள்ளை என்பதுதான் சிற்றினம். ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் கழுத்தில் கொப்பளம் போடவைக்கும் ஆசிட் பூச்சி இருக்கிறதே, அது இதே தெருதான், வீடு வேறு. நான் இப்படிச் சொன்னதும் அவளுடைய பேராசிரியரே இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை என்றாள். அல்லது அந்த அர்த்தம் வரும்படி தலையை ஆட்டினாள்.

பிப்ரவரி 9

மோட்டார் ரிப்பேர். இரண்டு நாளாகக் குடத்தில்தான் தண்ணீர். பூச்சி வேலை நடக்கவில்லை.

பிப்ரவரி 12

கண்டுபிடித்துவிட்டோம்! முள்ளக்காட்டு அளத்தில், பாத்திக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரம், பச்சையாகப் பாசி படர்ந்த ஈர மண்ணில். கடுகைத் தூவிவிட்ட மாதிரி சின்னச் சின்ன மண் குவியல்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பொந்து. பெனிட்டாதான் முதலில் பார்த்தாள், ஆனால் அந்த வாய்க்கால் பக்கம் திரும்பச் சொன்னது நான். ஒண்ணுக்குப் போவதற்காகச் சொன்னேன் என்பது உண்மைதான். அதனால் என்ன?

ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினால் மூச்சு முட்டி வெளியே வருகின்றன. ஒரு குழாயை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும், பூச்சி குப்பிக்குள் விழுந்துவிடும். நான் செய்து காட்டுகிறேன் என்று வாங்கினேன்.

"மாமா, வலை கட்டியிருக்க பக்கம் வாய் வைக்கணும்!"

சொல்வதற்குள் வாய் நிறைய உப்பு மண். உப்பு வாரிக்கொண்டிருந்த முத்துக்கனி என்கிற அம்மாள் பலகையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அண்ணாச்சி, பூச்சி வேணும்னா எங்க வீட்டுக்கு வாங்க. கரப்பான் சும்மாவே தாரேன். மண்ணு திங்க வேண்டாம்."

பத்துப் பதினைந்து வந்த பிறகு ஒன்று வந்தது பாருங்கள், நெஞ்சிலிருந்து தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு ஒரு கொம்பு. காண்டாமிருகத்தை ஊசிக் காதில் நுழைத்து எடுத்த மாதிரி. "ஆண்! மாமா, ஆண்!" என்று கத்தினாள். பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர்கள்கூட இப்படிக் கத்தமாட்டார்கள்.

பிப்ரவரி 13

கொம்பு போதாதாம். ஒவ்வொரு இனத்துக்கும் ஆண் உறுப்பின் அமைப்பு வேறு வேறாம். நம் சாப்பாட்டு மேஜையில் உருப்பெருக்கியை வைத்து, முடியை விட மெல்லிய ஊசியால் அதைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் மீன் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்து, "ஆத்தாடி, வயசுப் பிள்ளை செய்யுற வேலையா இது?" என்றாள்.

"பூச்சிக்கு ஆதார் கார்டு அங்கதான் அத்தை இருக்கு."

நான் ரேடியோவைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன்.

பிப்ரவரி 17

இன்று பழையகாயல். தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கம். அங்கும் குவியல்கள் இருந்தன. இரண்டாவது இடம் என்று வரைபடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தாள்.

பிறகு ஒரு பொந்தைக் கட்டியோடு வெட்டி எடுத்து, கத்தியால் மெதுவாகப் பிளந்தாள். உள்ளே பாட்டில் மாதிரி ஓர் அறை. சுவரோரம் முட்டைகள். நடுவில் ஒரு பெண் பூச்சி. நாங்கள் வீட்டை இரண்டாகப் பிளந்த பிறகும் அது ஓடவில்லை. முட்டைப் பக்கம் திரும்பி நின்றது.

"தண்ணி ஏறி வந்தா மண்ணு தள்ளி வாசல அடைச்சிரும் மாமா. முட்டைக்குப் பாசி பிடிக்காமப் பாத்துக்கிடும். குஞ்சு பொரிச்சும் கொஞ்ச நாள் கூடவே இருக்கும்."

பிறகு அவள் எதுவும் எழுதவில்லை. பிளந்த கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். "அம்மா எங்கயாச்சும் நின்ன மாதிரி, ஒரு இடம்கூட எனக்கு ஞாபகத்துல இல்ல மாமா. ஒரு கதவுப் பக்கம்கூட இல்ல" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த விஷயம் ஞாபகம் வந்தது. ரூபா பிளஸ் டூ படிக்கும்போது வேப்பலோடை அளத்துக்கு என்னைப் பார்க்க வருவாள். வந்தால் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து இதே பூச்சியைப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொள்வாள். கொம்பு இருப்பதால் அதற்குக் கொம்பன் என்று பேர்கூட வைத்திருந்தாள். "அண்ணே, கொம்பன் இன்னைக்கு மூணு" என்று காட்டுவாள்.

இதைச் சொன்னதும் பெனிட்டாவின் முகம் இருந்த இருப்பை எழுத எனக்குப் படிப்பு போதாது.

"வேப்பலோடையிலயா? நெசமாவா மாமா? எந்த வாய்க்கால்?"

"காட்டித் தாரேன், வா" என்றேன்.

பிப்ரவரி 18

கோயிலுக்குப் போய் வந்து, மத்தியானம் சாப்பிடும்போது பெனிட்டா அவள் அத்தையிடம் தீப்பெட்டிக் கதையைச் சொன்னாள். தங்கபுஷ்பம் என்னைப் பார்த்தாள். பெனிட்டா கை கழுவப் போனதும், "ரூபா மைனி அளத்துப் பக்கம் போனதே ஒருக்காத்தான்னுல்லா சொல்லுவாவ?" என்று கேட்டாள்.

இவளை நான் கட்டியது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. இவளுக்கு என்ன தெரியும்?

பிப்ரவரி 22

வேப்பலோடை. நான் வேலை பார்த்த அளம் கைமாறி, இப்போது வேறு பேர். ஆனால் காற்று அதே காற்று. நெற்றியில் படும்போதே நாக்கில் கரிக்கும். அந்தக் காலத்தில் விடியுமுன் சைக்கிளில் வந்துவிடுவேன். அம்பாரம் அம்பாரமாக உப்பு குவித்திருக்கும், முதல் வெளிச்சம் பட்டால் இளஞ்சிவப்பாகத் தெரியும். வேலைக்காரர்கள் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தால் கருவாட்டு வாசம் அளம் முழுக்க வரும். நூற்றைம்பது பேர் என் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றார்கள். சரி, முப்பது பேர்.

பெனிட்டா நான் காட்டிய வாய்க்காலில் ஒவ்வொரு அடியாகத் தேடினாள். குவியல் ஒன்றுகூட இல்லை. "நீங்க காட்டுனது இந்த வாய்க்கால்தான?" என்று கேட்டாள். அடுத்த வாய்க்காலாகவும் இருக்கலாம் என்றேன். அதிலும் தேடினாள்.

பிப்ரவரி 24

மறுபடி வேப்பலோடை. இல்லை.

பிப்ரவரி 27

மறுபடி. இல்லை. உப்புத் தண்ணீரில் நின்று அவள் குதிகால் வெடித்துவிட்டது. தங்கபுஷ்பம் தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டாள். என் காப்பி டம்ளரை மட்டும் நங்கென்று வைத்தாள்.

மார்ச் 3

பெனிட்டா கல்லூரிக்குத் திரும்பிப் போனாள். குப்பிகளைத் துணிகளுக்கு நடுவே வைத்துக் கட்டிக்கொண்டாள். பஸ் நிலையத்தில் நான் அவளை வழியனுப்பியதைப் பார்த்து நான்கைந்து பேர் விசாரித்தார்கள். என் மருமகள் விஞ்ஞானி என்றேன். ஒருவர் தன் வயலில் பூச்சி அடித்திருப்பதற்கு மருந்து கேட்டார். நானே சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 16

போன் வந்தது. புது இனம்! நான்தான் சொன்னேனே! பேராசிரியை ஒத்துக்கொண்டுவிட்டார், வெளிநாட்டில் ஒரு நிபுணரும் படங்களைப் பார்த்து ஒத்துக்கொண்டுவிட்டார். கொம்பின் நுனி இரண்டாகப் பிரிந்திருப்பது இதற்கு மட்டும்தானாம். ஆதார் கார்டும் வேறு எதோடும் பொருந்தவில்லை. பேர் வைக்கும் உரிமை பெனிட்டாவுக்கு.

"அம்மா பேரு வைக்கேன் மாமா. பிளீடியஸ் ரூபாவதியே. லத்தீன்ல பொம்பளை பேரு அப்படித்தான் முடியும்."

இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். யாரோ வாசலில் நின்று தங்கச்சியைக் கூப்பிடுவது போல இருந்தது. சாயங்காலம் முழுக்க மனசுக்குள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். தெருவில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். உலகம் அழியும்வரை அந்தப் பேர் இருக்குமாம். கல்லறையில் வெட்டிய பேரே உப்புக் காற்றில் பாதி உதிர்ந்துவிட்டது.

மே 22

பெனிட்டா வந்திருக்கிறாள். கட்டுரையை அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை தேடவாம். இந்த அக்கினி நட்சத்திர வெயிலில்!

மடிக்கணினியில் வரைபடத்தைக் காட்டினாள். மேலே வைப்பாற்றிலிருந்து கீழே ஆறுமுகநேரி வரை நம் கடற்கரை. நகரத்துக்குத் தெற்கே மூன்று கறுப்புப் புள்ளிகள். முள்ளக்காடு, பழையகாயல், பிப்ரவரிக் கடைசியில் அவள் தனியாகப் போய்ப் பார்த்த ஆறுமுகநேரி. வடக்கே எல்லா அளத்திலும் தேடியாயிற்று, எதுவும் இல்லை. வேப்பலோடையில் மட்டும் உள்ளே நிரப்பாத ஒரு வெற்று வட்டம்.

"இது என்னட்டி?"

"முந்தி இருந்திச்சு, இப்ப இல்லைன்னு அர்த்தம். அம்மா பாத்தது." விரலை அந்த வட்டத்தின் மேல் வைத்தாள். "இந்தப் படத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான் மாமா."

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்த வட்டம் மட்டும் இல்லையென்றால் விஷயம் எளிதாம். தாமிரபரணித் தண்ணீர் கலந்து கரிப்பு குறைந்த மண்ணில்தான் இந்தப் பூச்சி வாழும், அதனால்தான் தெற்கே மட்டும் இருக்கிறது என்று முடித்துவிடலாம். வட்டம் இருப்பதால் அப்படிச் சொல்ல முடியாது. வடக்கேயும் பரவியிருந்து அழிந்துபோயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஏன் அழிந்தது? காரணம் கிடைக்காமல் இரண்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள். பேராசிரியை, "உன் மாமா சொன்னதை எவ்வளவு நம்பலாம்?" என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?"

"என் மாமா அவரப் பத்திதான் அளப்பாரு, அம்மாவப் பத்தி அளக்க மாட்டாருன்னு சொன்னேன்."

சோறு இறங்கவில்லை. வெயில் காலத்தில் எனக்கு எப்போதுமே பசி குறைவு.

மே 24

வேப்பலோடை. காலையிலிருந்து தோண்டினாள். நான் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி குனிந்துகொள்கிறாள். "அம்மா பாத்த இடத்துல ஒண்ணே ஒண்ணாச்சும் மிச்சம் இருக்கும்" என்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கபுஷ்பம் என் தட்டில் சோற்றை வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளை மொகத்தக் கண்ணாடியில பாத்துச்சோ இல்லையோ. நீங்க பாத்தியளா?" என்று மட்டும் கேட்டாள்.

மே 25

பெனிட்டா மறுபடி போனாள். இடுப்பு வலி என்று நான் போகவில்லை. இடுப்பு வலிக்கவும் செய்தது.

மே 26

சொல்லிவிட்டேன்.

கோயில் முடிந்ததும் நேரே வேப்பலோடைக்குப் போய்விட்டாள். பின்னாலேயே நானும் போனேன். வாய்க்கால் ஓரம் மண்டியிட்டிருந்தாள்.

"ஏட்டி, எந்திரி. அந்தப் பூச்சி இங்க கிடையாது."

"எப்படித் தெரியும்?"

"ஒங்கம்மா பாக்கல. நான்தான் சொன்னேன்."

"தீப்பெட்டி?"

"தீப்பெட்டியும் இல்ல."

"கொம்பன்னு பேரு வச்சது?"

"அன்னைக்குப் பழையகாயல்ல நிக்கையில என் வாயில வந்த பேரு அது."

விழுந்து விழுந்து சிரித்தாள். "போங்க மாமா!" என்று ஒரு பிடி மண்ணை அள்ளி என் சட்டை மேல் எறிந்தாள். நானும் சிரித்தேன். வழியில் இருவரும் இளநீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் பயந்தேன் என்று இருக்கிறது.

மே 27

பெனிட்டா காலை பஸ்ஸில் போய்விட்டாள். நேற்று எழுதியதை வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. மண்ணை அள்ளி எறிகிற இடம் மிகவும் நன்றாக இருக்கிறது.

நடந்தது இது. அவள் எழுந்து வரப்பில் உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றினாள். "இத்தனை வருஷமா அம்மாவப் பத்திச் சொன்னியள்ளா, அதுல எது நெசம், எது நீங்க சேத்தது? பிரிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"ஓட்டப் பந்தயத்துல மாவட்டத்துல முதல் பரிசு?"

"பள்ளிக்கூடத்துல. ரெண்டாவது பரிசு."

"கோயில்ல அம்மா தனியாப் பாடினா ஜனமெல்லாம் அழும்னு சொன்னிய."

"பாட்டுக் குழுவுல நிப்பா. தனியாப் பாடினதில்ல."

"ஆத்துல முங்கப்போன பக்கத்து வீட்டுப் பையன அம்மா காப்பாத்துனது?"

இது எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. பல தடவை சொல்லிச் சொல்லி, நடந்ததா நான் சேர்த்ததா என்று எனக்கே இப்போது தெரியவில்லை. அதைச் சொன்னேன். அப்போதுதான் அவள் அழுதாள். "எனக்கு அம்மான்னா நீங்க சொன்னது மட்டும்தான மாமா" என்றாள்.

"எனக்குப் பேரு வச்சது?"

"அது ரூபாதான். சத்தியமா. உங்க அப்பா வேற பேரு சொல்லி, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமக் கிடந்து வச்ச பேரு."

"அம்மா இந்த அளத்துக்கு வந்ததாச்சும் நெசமா?"

"ஒரே ஒருக்கா."

அதை மட்டும் சொன்னேன், ஒன்றும் சேர்க்காமல். ரூபா புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தாள். அளத்தில் செருப்புப் போடக்கூடாது என்று யாரோ அதட்ட, கழற்றினாள். உப்பு காலைக் குத்தியது. காலடியில் ஏதோ ஒரு பூச்சி ஓடியது. வீல் என்று கத்திவிட்டு என் முதுகில் ஏறிவிட்டாள். பதினாறு வயதுப் பெண். வேலைக்காரர்கள் எல்லோரும் சிரிக்க, ரோடு வரை சுமந்துகொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டேன். வழி முழுக்க என் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

"பூச்சின்னா அம்மாவுக்குப் பயமா?"

"எறும்பு வரிசையப் பாத்தாலே ஸ்டூல் மேல ஏறிருவா."

"இத ஏன் மாமா எனக்குச் சொன்னதே இல்ல?"

இதில் பெருமையாக ஒன்றும் இல்லையே என்று நினைத்தேன், அதனால்தான். எந்த வழியாகச் சுமந்தீர்கள் என்று கேட்டாள். காட்டினேன். வரப்பு வழியாக ரோடு வரை எனக்கு முன்னால் நடந்து போனாள். நான் பின்னாலேயே போனேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது மடிக்கணினியைத் திறந்து வேப்பலோடை வட்டத்தை எடுத்துவிட்டாள். மூன்று புள்ளிகளும் ஆற்றுத் தண்ணீர் கலக்கிற பக்கமாகச் சேர்ந்து நின்றன. விஷயம் எளிதாகிவிட்டது, என் மருமகளின் படிப்பு முடிந்துவிடும். பூச்சியை முதலில் கவனித்தவர் அவள் அம்மா என்று எழுதியிருந்த வரியையும் அழித்தாள். "ரூபாவதியின் நினைவாக" என்று மட்டும் விட்டாள். "பேரு இருக்கட்டும். அம்மா பேரு வைக்க, அம்மா பூச்சியப் பாத்திருக்கணும்னு இல்ல" என்றாள்.

இன்று காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "போன்ல அம்மாவப் பத்தி ஏதாச்சும் சொல்லுங்க மாமா. கொஞ்சமா இருந்தாலும் போதும்" என்றாள். சரி என்றேன்.

நேற்று அவள் சிரிக்கவே இல்லை. அது நான் சேர்த்தது.